ஐவரில் ஆறாவது ஆள்

எனக்கு வெட்கம் கூட. வாசல் படலையில் நின்று ஆராவது கூப்பிட்டால் முதலில் குசினிக்குள் போய்விடுவேன். யன்னல் இடுக்கால் பார்த்து, தெரிந்த முகம் என்றால்தான் வெளியில் வருவேன். கலியாண வீட்டுக்குப் போனால் பின்பக்கத்தால் போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொள்வேன். படம் எடுக்கிறவர் வந்தால் தூண் ஒன்றைத் தேடுவேன். அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர, நான் தனியாக இருக்கிற படம் ஒன்றும் இந்த வயது வரைக்கும் இருக்கவில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான் இப்போது கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற சனம், "அந்தக் கிழவியைத் தூக்குங்கோ" என்று எழுதுகிறது. தூக்கச் சொல்வது வீட்டை விட்டு இல்லை, ஐவரை விட்டு. நான் அவர்களோடு நிற்பதா, திரும்பக் குசினிக்குள் போவதா என்பதுதான் இந்த வருசம் முழுக்க என் தலைக்குள் ஓடின ஒரே கேள்வி. நான் போகமாட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் உருத்திரபுரத்தில் ஐவர் என்றால் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஐந்து பொடியள். வயல் வேலை குறைந்த நாட்களில் போனிலேயே படம் எடுத்து யூரியூப்பில் போடுவார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து சக்தி. ஒருவன் சைக்கிளில் ஏறினால் காற்று பின்னால்தான் வரும். ஒருவன் சொன்னால் யானை கேட்கும். வயலுக்குள் இறங்கின யானையைக் கதைத்தே காட்டுக்குத் திருப்பி அனுப்புவான். யானை படத்தில் வராது, சத்தம் வரும், வாழைமரம் ஆடும். இன்னொருவன் கையை நீட்டினால் மின்னல். உண்மையில் அவன் வீடுகளுக்கு வயறிங் செய்கிறவன். நாலாவது ஆள் கைப்பலக்காரன். உழவு மெசினை ஒற்றைக் கையால் தூக்குவான். மெசினும் அவனுடையதுதான். ஐந்தாவது ஆளுக்கு மறைந்துபோகிற சக்தி. மறைந்துபோனவனுக்கு நடிக்க வேலை இல்லைத்தானே, அதனால் கமராவும் அவனே பிடிப்பான். அவனைத்தான் டைரக்டர் என்று கூப்பிடுவார்கள். சந்தியில் போன் கடை வைத்திருக்கிறான்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வர்ணம் அடித்துப் போட்டுக்கொண்டு, யூரியாப் பையை வெட்டித் தைத்த துணியை முதுகில் கட்டிக்கொண்டு, ஐந்து பேரும் வாய்க்கால் கரைக் கட்டின் மேல் வரிசையாக நடந்து வந்தால், சிரிப்பும் வரும், ஏதோ ஒரு தைரியமும் வரும். முன்பள்ளிப் பிள்ளைகள் துவாயை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். மூன்று வருசமாக இப்படி. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்களாம்.

ஐவருடைய எதிரி ஒரு டிப்பர் லொறி முதலாளி. ஆற்று மணலை அள்ளி அள்ளி விற்று, கிணற்றுத் தண்ணீரை உப்பாக்குகிறவன். அந்தப் பாத்திரத்தில் நடிக்கிறது சலூன் வைத்திருக்கிற தம்பி. பெரிய மீசை, பெரிய குரல். மற்றப்படி பூச்சிக்கும் பயந்த ஆள்.

ஒருநாள் என் வீட்டு வளவுக் கிணற்றடியில் படம் எடுக்க வந்தார்கள். ஐவரும் தோற்று விழுந்து கிடக்க, முதலாளி நடுவில் நின்று கத்தவேண்டும். நான் வழமை போலக் குசினிக்குள். அந்த நேரம் பார்த்து என் பசு, கயிற்றைக் கிணற்றுத் தூணில் சுற்றிச் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. கண் பிதுங்குகிறது. வெட்கம் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். மாடு வென்றது. விழுந்து கிடந்த பொடியளைத் தாண்டி நேரே நடந்துபோனேன்.

"இந்த ஆறும் என்ர! இந்த மணலும் என்ர! கேட்க ஆர் இருக்கிறியள்?" என்று சலூன்காரன் அடித்தொண்டையால் கத்தினான். மாடு இன்னும் வெருண்டு இழுத்தது. எனக்கு வந்த கோபத்தில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை அவனுக்கு நேரே உயர்த்தினேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

அவனுடைய வாய் திறந்தபடி நின்றது. குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

டைரக்டர் அந்த மன்னிப்பை வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே படத்தில் போட்டுவிட்டான். ஐவரும் தோற்ற இடத்தில் ஒரு கிழவி மாட்டோடு வந்து கையைக் காட்ட, எதிரியின் குரல் நின்றுபோகிறது. எல்லோரும் சிரித்துக் கொண்டாடினார்கள். "ஆர் அந்த ஆச்சி?" என்று எழுதினார்கள். முன்வீட்டுப் பிள்ளை தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் இரண்டு பிள்ளைகளின் தாய், எனக்கு அது இன்னும் பிள்ளைதான். "அக்கா, என்ர கடைக்குட்டி இப்ப நான் பேசினால் கையை உயர்த்திக்கொண்டு நிக்கிறான்" என்றாள்.

அடுத்த கிழமை டைரக்டரும் கைப்பலக்காரனும் வந்தார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால்.

"ஆச்சி, வெளியில வாங்கோவன்."

"இஞ்சை நிண்டே கேக்குது. சொல்லு."

"எங்களோட நிரந்தரமா நடிப்பியளோ?"

"உனக்கென்ன விசரோ, மோனை?"

"நீங்கள் ஒரு வசனமும் கதைக்கத் தேவையில்லை. கையை உயர்த்தினால் காணும். பொய் சொல்லுறவன்ர குரல் அப்பிடியே நிண்டிடும். அதுதான் உங்கட சக்தி."

"பொய் மட்டுமோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"பொய், வெருட்டு, வெட்டிப் பேச்சு, எல்லாம் நிக்கும்."

கைப்பலக்காரனுக்கு அவசரம். "ஆச்சிக்கு விருப்பமில்லை போல கிடக்கு. கரைச்சல் குடுக்காதை. வா போவம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். என் காதுக்குள் எத்தனை பேருடைய குரல் கிடக்கிறது. அப்பா செத்த அன்று, "பொம்பிளை தனிய இந்த வளவை வைச்சு என்ன செய்யப்போறா" என்று எனக்கு முன்னாலேயே, நான் இல்லாதது மாதிரிக் கதைத்தவர்கள். சண்டை முடிந்து இருந்த முகாமில் தண்ணி வரிசையில் நிற்கும்போது கத்தினவர்கள். மேடை போட்டு வீடு தருகிறோம், ரோட்டுத் தருகிறோம் என்றவர்கள். எல்லோருக்கும் நான் "ம்" என்று மட்டும் சொன்னனான். ஒருவரையும் நிறுத்தவில்லை. கையை உயர்த்தி நிறுத்தலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததுமில்லை.

இன்னொன்றையும் யோசித்தேன். சண்டையின் அந்தக் கடைசி நாட்களில் வானத்தில் பறந்து வந்தது எதுவும் எங்களைக் காப்பாற்ற வரவில்லை. இந்தப் பொடியளில் பாதிப் பேர் அப்போது தாயின் இடுப்பில் இருந்தவர்கள். இப்போது யூரியாப் பையைக் கட்டிக்கொண்டு, காப்பாற்ற வராமல் போனவர்களாகத் தாங்களே நடித்துப் பார்க்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு இடம் என்று கேட்கிறார்கள்.

"ஓம், வாறன்" என்றேன், கதவுக்குப் பின்னால் இருந்தே.

ஹெல்மெட் என் கொண்டைக்கு மேலால் இறங்கவில்லை. பழைய குடைத் துணியில் கண்ணை மறைக்கிற மாதிரி ஒரு முகமூடி தைத்துத் தந்தார்கள். அதைப் போட்டவுடன் பாதி வெட்கம் போய்விட்டது. முகமூடி போட்டவர்கள் ஏன் அவ்வளவு துணிச்சலாகப் பறக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. காற்சட்டை போடச் சொன்னார்கள். "சீலையோடதான் ஓடினனாங்கள், சீலையோடதான் பங்கருக்குள்ள இறங்கினனாங்கள். இதுக்கு மட்டும் என்னத்துக்குக் காற்சட்டை?" என்று கேட்டேன். காற்சட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்கள்.

முதல் நாள் எல்லோரும் வரிசையாக நின்றபோது கைப்பலக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றி மெசினில் வைத்தான்.

"எண்ணிப் பார். ஆறு பேர் நிக்கிறம்."

"நிண்டால் என்ன?" என்றான் டைரக்டர்.

"பேர் ஐவர். ஐவர் எண்டு போட்டிட்டு ஆறு பேர் நிண்டால், கணக்குத் தெரியாத கூட்டம் எண்டு சனம் சிரிக்கும்."

"கணக்குப் பாடத்தில பெயிலாகிப்போட்டு மெசின் ஓட வந்தவன் நீ. உனக்கேன் கணக்கு?" என்றான் மின்னல்காரன்.

"பகிடி விடாதை. ஒரு பெட்டையைச் சேர்த்தாலே எங்கட ஆக்கள் திட்டுவாங்கள். இது ஆச்சி. விழுந்து இடுப்பு முறிஞ்சால் ஆர் தூக்கிறது?"

"நீதானேடா மெசினையே தூக்கிறனீ!"

முகமூடிக்குள் நான் சிரித்துவிட்டேன். அவன் அதைக் கண்டுவிட்டான். முகம் கறுத்துப்போனது. அன்று நடித்தான். ஆனால் என் பக்கத்தில் நிற்கவில்லை.

அவன் சொன்னது பிழையில்லை, சனம் திட்டத்தான் செய்தது. நான் ஆறாவது ஆளாக நின்ற முதல் படம் வெளியில் வந்த அன்றே தொடங்கியது. போன தரம் ஆர் அந்த ஆச்சி என்று கேட்டுச் சிரித்த அதே சனம்தான். பகிடிக்கு ஒருதரம் வந்துவிட்டுப் போனால் எல்லோருக்கும் பிடிக்கும். இருக்கிறதுக்கு வந்தால்தான் கோபம் வரும்.

முன்வீட்டுப் பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டமாட்டேன் என்றாள். நான் போனை வாங்கி நானே வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். மற்ற ஆட்களுக்கு ஒரு வசவு ஒரே அடியாக விழும். எனக்கு எழுத்து எழுத்தாக வந்து சேரும். 'கி', 'ழ', 'வி' என்று கூட்டி, பிறகு 'க்கு' என்று சேர்த்து, பிறகு 'பறக்க ஆசை' என்று முடிய, நெஞ்சு அதற்குள் மூன்றுதரம் அடித்துவிடும். ஒருவர், ஐவரைக் கெடுத்துப்போட்டார்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர், இனி ஆறாவது ஆள் சீலை துவைக்கிற சக்தியும் காட்டுவாவோ என்று கேட்டிருந்தார். ஒரு பொம்பிளையே, வயதுபோனால் கோயிலுக்குப் போகலாம்தானே என்று எழுதியிருந்தா. கோயிலுக்கும் போறனான், பிள்ளை. கோயில் மூடின பிறகு என்ன செய்கிறது?

கனடாவில் இருக்கிற என் தம்பிதான் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொந்தம். நான் கலியாணம் கட்டவில்லை. அவன் ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுத்துக் கதைப்பான். நல்ல பிள்ளை. வருசத்துக்கு ஒரு சீலை அனுப்புவான், நான் அலுமாரிக்குள் அடுக்கி வைப்பேன். அந்த ஞாயிறு குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, உதென்ன கூத்து? இஞ்சை வேலையிடத்தில எல்லாரும் போனைக் காட்டிச் சிரிக்கிறாங்கள்."

"ம்."

"வயசுபோன நேரத்தில, தனிய இருக்கிற பொம்பிளை, பொடியளோட சேர்ந்து முகமூடி போட்டுக்கொண்டு... அம்மா இருந்தால் என்ன சொல்லுவா?"

"ம்."

"இனி நடிக்கமாட்டியள்தானே?"

"ம்."

"சரி. அதுதான் எனக்கு வேணும்" என்று வைத்துவிட்டான். அவன் என்னுடைய "ம்" எல்லாவற்றையும் ஓம் என்றே எடுத்துக்கொள்வான். சின்ன வயதிலேயே அப்படித்தான். நான் ஓம் என்று சொல்லவில்லை.

அதற்குள் பொடியளுக்குள்ளும் பிரச்சினை முற்றிவிட்டது. அடுத்த படத்துக்கு முன்னம், ஆச்சி இனி நிரந்தரம் என்று ஒரு விளம்பரம் போட்டே தீருவேன் என்று டைரக்டர் நின்றான். போட்டால் நான் வரமாட்டேன் என்று கைப்பலக்காரன் நின்றான். நான் பிரஷர் கிளினிக்குக்காகக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்கு விடிய வெள்ளெனப் பஸ் எடுத்த அன்று, டைரக்டர் அந்த விளம்பரத்தைப் போட்டுவிட்டு, கடைக்குச் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போய்விட்டான்.

அவனுடைய போன் கடையில் இன்னொரு வேலையும் நடக்கும். ஊரில் ஆராவது செத்தால் மரண அறிவித்தல் அடித்துக் கொடுப்பது அவன்தான். முகத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே ஊரும் உறவும் எழுதுவான். என்னுடைய விளம்பரத்தையும் அதே அச்சில்தான் செய்திருக்கிறான். முகமூடி இல்லாத முகம் வேண்டும் என்று முன்னம் நான் பிரதி எடுக்கக் கொடுத்த அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்து வட்டத்துக்குள் வைத்திருக்கிறான். விளக்கை எடுக்க மறந்தானோ, சக்தி மாதிரி இருக்கட்டும் என்று விட்டானோ, அவனுக்கே இன்றுவரை தெளிவில்லை. கீழே, 'எங்கள் ஆச்சி, இனி என்றென்றும் எங்களோடு' என்று எழுதியிருக்கிறான்.

எங்கட சனம் வட்டத்துக்குள் முகத்தையும் பக்கத்தில் விளக்கையும் கண்டால் எழுத்தை முழுதாக வாசிக்காது. போனைத்தான் எடுக்கும். என்னிடம் இருந்த போன் வீட்டில் சார்ஜில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. முன்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். அவளும், "ஓம், விடிய ஆசுபத்திரிக்கெண்டுதான் போனவா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு ஆருக்குச் சந்தேகம் வரும்? உடலை எடுத்துவர ஆசுபத்திரிக்கு ஆளும் போய்விட்டதாம்.

நான் மருந்துப் பையோடு பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பினேன். இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. ஆரோ செத்துப்போனார்கள், பாவம், என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கொடி நீண்டுகொண்டே போனது. என் படலைக்குள் போனது. வளவுக்குள் சனசமூக நிலையத்துக் கதிரைகள் அடுக்கியிருந்தது. என் குசினியிலிருந்து தேத்தண்ணி வாசம் வந்தது. என் முதல் யோசனை, இவ்வளவு சனம் நிற்கிற இடத்துக்குள் எப்படிப் போகிறது என்பதுதான். சத்தியமாக. வழமை போலப் பின்பக்கத்தால் போனேன்.

அறைக்குள் முன்வீட்டுப் பிள்ளை என் அலுமாரியைத் திறந்து, தம்பி அனுப்பின மயில்கழுத்து நிறச் சீலையைப் பக்கத்து வளவுப் பொம்பிளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை உடுத்தி அனுப்புவம். அவா ஒருநாளும் கட்டேல்லைப் பாருங்கோ. மடிப்புக் கூடக் கலையேல்லை."

"என்னத்துக்கு வைச்சிருந்தவாவாம்?"

"வெக்கமாம்."

அவர்களுக்குப் பின்னால், கதவடியில் நான் நிற்கிறேன். அப்படியே முன்பக்கம் நடந்தேன்.

அங்கே கைப்பலக்காரன் ஏணியில் நின்று பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கன்னமெல்லாம் தண்ணீர். கீழே இருந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவா மாதிரி ஒரு மனுசி இனி வராது. வாய் திறந்து ஒருத்தரையும் ஒரு சொல் சொன்னதில்லை. எங்கட ஐவருக்கே அவாதான் உயிர். நான் முதலே சொன்னனான், ஆச்சிதான் எங்கட பலம் எண்டு. டைரக்டரைக் கேளுங்கோ, நான்தான் முதல்ல..."

நான் கையை உயர்த்தினேன்.

ஏன் உயர்த்தினேன் என்று கேட்டால், அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வேறு ஒன்றுமில்லை. அவன் என்னைக் கண்டான். குரல் அப்படியே நின்றது. வாய் திறந்தபடி, கையில் கயிறு பிடித்தபடி, ஏணியில் மரம் மாதிரி நின்றான். கதிரைகளில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. மாடு என்னைக் கண்டு கத்தியது.

பிறகு முன்வீட்டுப் பிள்ளை சீலையோடு ஓடிவந்து, "ஐயோ, அக்கா!" என்று கட்டிப்பிடித்து, முதுகில் நாலு குத்துக் குத்தினாள். "சொல்லிப்போட்டுச் சாகமாட்டியளோ!" என்றாள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது.

அதை ஒருவரும் படம்பிடிக்கவில்லை. பிறகு, அதையே திரும்ப நடித்துக் காட்டச் சொன்னார்கள். மாட்டன் என்றேன்.

நான் கதிரையில் இருந்து, என் செத்தவீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். குடிக்கும்போது ஒன்று விளங்கியது. என்னைப் பற்றி இந்தச் சனம் சொல்ல வைத்திருந்தது ஒரே ஒரு கதைதான். பாவம், வாய் திறக்காத மனுசி. இவ்வளவு வருசம் இருந்து, இவ்வளவும் கண்டு, கடைசியில் வளவு முழுக்கக் கதிரை போட்டு அதைத்தான் சொல்லப்போகிறார்கள். இன்றைக்கு நான் ஐவரை விட்டுப் போனால், உண்மையாகச் சாகிற அன்றும் இதே கதைதான் நடக்கும்.

தம்பியின் போன் வந்தது. வீடியோவில் என் முகத்தைக் கண்டவுடன் அவன் அழுதான். பயணச் சீட்டுக்குக்கூட ஆளைப் பிடித்துவிட்டானாம். நானும் அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது அவனுக்கு.

"இதுக்குத்தான் சொன்னனான், அக்கா. முகத்தைக் காட்டினால் இப்பிடித்தான். இனி உந்தப் பொடியளின்ர பக்கம் போறேல்லை, சரியோ?"

சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வழமையாக இந்த இடத்தில்தான் நான் "ம்" என்பேன்.

"இல்லை, தம்பி" என்றேன். "நான் போவன்."

"என்ன கதைக்கிறியள்? வெக்கமில்லையோ?"

"செத்துப்போட்டு வந்து இருக்கிறன். செத்தவளுக்கு என்ன வெக்கம்?"

"அப்ப இனி நான் உங்களுக்குப் போன் எடுக்கேல்லை" என்று சொல்லி வைத்துவிட்டான். சனம் கலைந்துபோனது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் டைரக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படலையில் நின்றான். உள்ளே வரப் பயம். "ஆச்சி, அடிக்கிறதெண்டால் அடியுங்கோ" என்றான். "விளக்கை எடுத்துப்போட்டுத் திரும்பப் போடு" என்றேன். "முகமூடி போடவோ?" என்று கேட்டான். "வேண்டாம். முகம் கிடக்கட்டும். இனி ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

கைப்பலக்காரன் கொடிகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ சொன்னது சரி, மோனை. பேர் ஐவராகவே இருக்கட்டும். மாத்த வேண்டாம்."

"அப்ப நீங்கள்?"

"நான் ஆறாவது. எண்ணத் தெரிஞ்சவன் எண்ணட்டும்."

அவன் தேத்தண்ணியை ஊதி ஒரு வாய் குடித்தான். "விழுந்தால் நான் தூக்கமாட்டன், ஆச்சி."

"விழுந்தால் நானே எழும்புவன். நீ உன்ர மெசினைப் பார்."

அந்த வெள்ளைக் கொடித் துணியை நான் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். என் சாவுக்கு வாங்கின துணி, எனக்குத்தானே உரிமை. மூட்டித் தைத்து முதுகில் கட்டிக்கொள்கிற துணியாக்கினேன். அவர்களுடைய யூரியாப் பையை விட அது நன்றாகப் பறக்கிறது. அடுத்த படத்துக்கு அந்த மயில்கழுத்துச் சீலையை மடிப்புக் கலைத்து, நானே உடுத்தேன். செத்தபிறகு ஆராவது உடுத்திவிடும் வரைக்கும் வைத்திருக்கப் போவதில்லை. முகமூடி இல்லாமல் வாய்க்கால் கட்டில் ஆறு பேராக நடந்தோம். முழங்கால் நொந்தது. கன்னம் சுட்டது. வெட்கம் எங்கே போகும், அது என்னோடு கூடத்தான் நடந்து வந்தது. கைப்பலக்காரன் என் பக்கத்தில் நடந்தான். சரிவில் இறங்கும்போது, நான் காணவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் முழங்கைக்குக் கீழே தன் கையைப் பிடித்தபடியே வந்தான்.

திட்டு நிற்கவில்லை. நான் இப்போதும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். செத்தும் விடுகிறா இல்லை என்று ஒருவர் புதிதாக எழுதியிருக்கிறார். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. எழுதுங்கோ. எனக்கு வாசிக்கத்தான் நேரம் எடுக்கும், நிற்கிறதுக்கு எடுக்காது.

தம்பி இன்னும் போன் எடுக்கவில்லை. ஞாயிறு வந்தால் போனைச் சார்ஜ் பண்ணி, கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். அவன் எடுத்தால் சந்தோசமாகக் கதைப்பேன். அம்மா இருந்தால் என்ன சொல்லுவா என்று அவன் திரும்பக் கேட்டால், அம்மாவும் வாய் திறக்காத மனுசிதான், அதுதான் எனக்குக் கவலை என்று சொல்லுவேன்.

ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படம் எடுக்கிறோம். கமரா ஓடுகிற நேரத்தில் அடித்தால் எடுக்கமாட்டேன். அவன் கொஞ்சம் பொறுக்கட்டும்.